ஒரு சுளகு, ஒரு செட்டு

அன்றைக்குத் திங்கட்கிழமை. கிட்டங்கிக் கதவைத் திறந்ததும் வழக்கம்போல இலை வாசம் முகத்தில் அடித்தது. காய்ந்த நெலாவரை இலைக்குத் தேயிலை மாதிரி ஒரு வாசம் உண்டு. அதில் கொஞ்சம் வைக்கோலையும் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி. செருப்பை வெளியே விட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நானும் ரெஜினாவும் எங்கள் இடத்துக்குப் போனோம். மேற்குச் சுவர் ஓரம், கூரையில் கண்ணாடி ஓடு பதித்த இடத்துக்கு நேர் கீழே எங்கள் இடம். வெளிச்சம் நன்றாக விழும்.

அங்கே நாங்கள் இலை பொறுக்குகிற பெரிய முறத்தை, எங்கள் சுளகைக் காணோம்.

நடுவில் ஒரு மேசை போட்டு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு நம்பர். பக்கத்தில் ஜாஸ்மின் மேடம் நின்றார்கள். சாத்தான்குளத்துப் பெண். காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, இலை தரமாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு வந்தவர்கள். என் மகளைவிடச் சின்ன வயது. ஆனாலும் மேடம் மேடம்தானே. நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

மேடம் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். ஒரு பொதியில் கல்லோ குச்சியோ வந்தால், அது யார் கையைத் தாண்டி வந்தது என்று சொல்ல வேண்டுமாம். அதனால் இனி ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு நம்பர், தள்ளித் தள்ளி இடம். மூன்று நாள் பார்ப்பார்களாம். மூன்று நாளும் தட்டு சரியில்லை என்றால் அந்த ஆளுக்குப் பொறுக்குகிற வேலை கிடையாது.

எங்கள் பக்கம் திரும்பி, “இனிமே செட்டு இல்ல ஆச்சி,” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சங்கடமாகத்தான் சொன்னார்கள்.

ரெஜினா என் முழங்கையைப் பிடித்தாள். எப்போதும் நறுக்கென்று கிள்ளுவாள். அன்றைக்குக் கிள்ளவில்லை. பிடித்தாள், பிடித்தபடியே நின்றாள்.

தூசியும் வயிறும்

கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கி வைக்கிற பெரிய கட்டடம். தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கிட்டங்கியில் நெலாவரை இலை. சுற்றுவட்டாரக் காடுகளில் விளைந்து, காய்ந்து, சாக்கில் வரும். நாங்கள் சலித்துப் பொறுக்கிச் சுத்தம் பண்ணினால் கப்பல் ஏறிப் போகும். வயிற்றை இளக்குகிற மருந்துக்கு அந்த இலைதான்.

அது மருந்து என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானமே தெரிந்துவிட்டது. தூசி மூக்கில் ஏறினாலே போதும், வயிறு கலங்கிவிடும். புதிதாக வருகிற எல்லாருக்கும் ஒரு வாரம் அந்தப் பாடுதான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் நான் நான்காவது தடவை எழுந்து ஓடியபோது, எதிரே இருந்த பொம்பிளை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தாள். அப்புறம் தன் தூக்குச்சட்டியில் இருந்த பழைய சோற்று நீத்தண்ணியில் உப்புப் போட்டு என்னிடம் நீட்டினாள். அவள்தான் ரெஜினா.

அப்போது இருந்த மேஸ்திரி அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். பொம்பிளைகளை இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைப்பார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு பெரிய சுளகு. அதற்குப் பெயர் ஒரு செட்டு. பேசாத என்னையும், பேசுவதை நிறுத்தாத ரெஜினாவையும் பார்த்து, “ரெண்டும் ஒரு சுளகுல இருந்தா சத்தம் சரிபாதியா இருக்கும்” என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்.

செட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவளுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. வேறு செட்டில் ஆள் குறைந்தால் அங்கே போய் உட்காரலாம், ஆனால் யாரும் மனசாரப் போக மாட்டார்கள். என் வீட்டுக்காரர் தவறியபோது நான் பதினாறு நாள் வீட்டில் இருந்தேன். வேறு சுளகுக்குப் போ என்று அண்ணாச்சி எவ்வளவோ சொல்லியும் ரெஜினா கேட்கவில்லை. பதினாறு நாளும் என் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, துட்டி கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டாள்.

நான் அவளை மைனி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவள் கடற்கரைக்காரி, மாதா கோயில் தெரு. நான் ஆத்தூர்ப் பக்கம் வயல்காட்டில் பிறந்தவள். உறவும் கிடையாது, சாதியும் வேறு, சாமியும் வேறு. அவள்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னாள். அவளுடைய மாமனார் முத்துக் குளித்தவராம். அந்தக் காலத்தில் ஒருத்தர் கடலுக்குள் இறங்கினால், தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பது அவருடைய மச்சானாகத்தான் இருப்பாராம். தங்கச்சி தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் அல்லவா.

“கீழ கெடக்கவன் மூச்சு மேல நிக்கவன் கையில, ஏளா. அதனால நான் ஒனக்கு மைனி,” என்றாள். அவள் கணக்கே அப்படித்தான் இருக்கும். குறுக்கே கேட்டால் இன்னொரு கதை ஆரம்பித்துவிடும்.

ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். செட்டு என்பது தமிழ் வார்த்தை என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாயில் அது அவ்வளவு புழங்கும்.

கோயில் கொடைத் திருவிழாவில் பாட்டுப் போட மைக் செட்டு. மாதா கோயில் சப்பரத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போகிறவர்கள் பேண்டு செட்டு. எங்கள் அய்யா வயலில் வைத்தது பம்பு செட்டு. கடலுக்குப் போகிற போட்டில் கரையோடு பேசுவதற்கு ஒரு பெட்டி இருக்கும், அதுவும் செட்டு. “செட்டுல கூப்பிட்டோம், பதில் இல்ல” என்று யாராவது சொன்னால் அந்தத் தெருவே அன்றைக்குச் சமைக்காது. அந்தச் சமயத்தில் அந்தச் சொல்லைக் கேட்கவே ஆகாது.

அதே சொல்லைக் கேட்டால் சிரிப்பு வருகிற நேரமும் உண்டு. என் வீட்டுக்காரருக்குக் கடைசியில் பல் செட்டு கட்டினோம். அது அவருக்கு ஒத்து வரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். போட்டோ எடுக்கும்போது மாட்டிக்கொள்வார். பந்தியில் உட்காரும்போது கழற்றி மறுபடியும் பையில் போட்டுக்கொள்வார். சாப்பிடத்தானே பல் கட்டியது என்று கேட்டால், “சாப்பாட்டுக்கு ஈறு போதும், மரியாதைக்குத்தான் பல்லு” என்பார்.

டிசம்பர் பிறந்தால் ரெஜினா வீட்டுப் பரணில் இருந்து குடில் செட்டு இறங்கும். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராசாக்கள், மாடு, ஆடு. அதில் ஒரு ராசாவுக்குத் தலை உடைந்து போய், அவருக்குப் பதிலாகக் கொலுப் பொம்மைச் செட்டியாரை நிறுத்தி வைத்திருந்தாள். நான்தான் மதுரையில் வாங்கிக் கொடுத்தது. மாதா கோயில் சாமியார் வீட்டை மந்திரிக்க வந்தபோது அதைக் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.

இதுபோக ஓட்டலில் செட்டுத் தோசை. கொத்தனார் பூசிவிட்டு, செட் ஆகட்டும், தண்ணி ஊத்துங்க என்பார். கை முறிந்தால் டாக்டரும் அதையேதான் சொல்கிறார், தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்வதில்லை. பையன் கெட்டுப் போனால் அவன் சேருகிற செட்டு சரியில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை என்றால் அது செட் ஆகவில்லை. என் தங்கச்சி மகளுக்கு அப்படி ஏழு இடம் செட் ஆகாமல் போய், எட்டாவது இடத்தில் எல்லாம் செட் ஆகி, இப்போது அவனோடு தினமும் சண்டை.

இது இங்கிலீஷ் என்று எனக்குச் சொன்னது ஜாஸ்மின் மேடம்தான். நம்பர் போடுவதற்கெல்லாம் ரொம்ப முன்னால், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்து, செல்லில் டிக்சனரியைத் திறந்து காட்டினார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. சூரியன் கடலில் இறங்கினாலும் இங்கிலீஷில் அந்தச் சொல்தானாம். ரெஜினா அசரவில்லை. “அதுல நம்ம சுளகு இருக்கான்னு பாருங்க” என்றாள். மேடம் உண்மையிலேயே தேடினார்கள். இல்லை.

அவள் கண்

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ரெஜினா ஏன் என் கையை அப்படிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருசமாக அவளுக்குக் கண்ணில் புரை. அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல பச்சை இலை ஒரு பக்கம், பழுத்த இலை, கறுத்த இலை இன்னொரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். அவள் பிரித்த பச்சையில் மஞ்சள் கிடக்க ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கை நிறைய. நான் பேச்சுவாக்கில் சுளகை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்வேன். அவள் பக்கத்து மஞ்சளையும் என் கை எடுத்துவிடும். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். ஒரே சுளகு, ஒரே எடை. யார் எதைப் பொறுக்கினார்கள் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

வைத்தியம் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கண்ணில் கத்தி வைப்பதற்கு அவளுக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர், அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருசம் ஆயிற்று. ஒரே மகன் சென்னையில். நல்ல பிள்ளை. அம்மா தனியாக இருக்கிறாளே என்று தன்னோடு வந்துவிடச் சொல்லி மாதம் ஒரு தடவையாவது கூப்பிடுவான். வேலை இருக்கிற வரைக்கும் இருப்பேன், வேலை முடிந்த அன்றைக்கு வந்துவிடுகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வேதத்தின் மேல் கை வைத்துக் கொடுத்த வாக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே வரும், கண் தெரியவில்லை என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் அவள் ஊரை விட்டுப் போக வேண்டும். பதினோராவது மாடியில் வீடாம். ஒரு தடவை போய்விட்டு வந்து, கோயில் மணி கேட்கவில்லை, காற்றில் உப்பு இல்லை, கீழே போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசவும் முடியவில்லை என்று ஒரு மாசம் புலம்பினாள்.

அதனால் அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். என் தட்டை வேகமாக முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவள் தட்டுப் பக்கம் போவது. போகும்போது மஞ்சளை அள்ளிவிடுவது. திருட்டு வேலைதான். எழுதும்போது கூசுகிறது. ஆனால் அப்போது கூசவில்லை.

ஒன்பதும் பதினாலும்

மறுநாள் தட்டு கொடுத்தார்கள். ரெஜினாவுக்கு நம்பர் ஒன்பது. எனக்குப் பதினாலு. அவளை வாசல் பக்கம் உட்கார வைத்தார்கள், என்னைப் பழைய சுவர் ஓரத்திலேயே. நடுவில் நாற்பது அடியாவது இருக்கும். நான் ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். இரண்டாவது தடவை போகும்போது எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாவது தடவை போக எனக்குத் துணிச்சல் இல்லை.

மத்தியானம் மேடம் ஒவ்வொரு தட்டாக வாங்கி வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நம்பரில் மஞ்சள் இலை கிடந்தது. எதிர்பார்த்ததுதான்.

பிறகு பதினாலு. கொட்டினார்கள். கீழே சரசரவென்று ஒரு சத்தம். இலை விழுந்தால் அப்படிச் சத்தம் வராது.

குச்சி. காம்பு. பொடிக்கல். என் தட்டில் மஞ்சள் இலை ஒன்றுகூட இல்லை, ஆனால் குச்சியும் கல்லும் அள்ள அள்ள வந்தது. மேடம் தாளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “ஆச்சி, இது நீங்க பாத்த தட்டுதானா?” என்று மெதுவாகக் கேட்டார்கள். வேறு யாருடைய தட்டோடும் மாறிப் போயிருக்குமோ என்று எனக்கே சந்தேகம். தலையைக் குனிந்துகொண்டேன்.

ரெஜினாவின் தட்டில் ஒரு குச்சிகூட இல்லை. ஒரு மணல்கூட இல்லை.

அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் அவள் சொன்னாள்.

“நீ என்ன நெனச்ச? என் கண்ணை நீ மறைச்சது எனக்குத் தெரியாதுன்னா? சுளகு ஒன் பக்கம் சாயுறது எனக்குத் தெரியாதா?”

என் கையை எடுத்து விரல்களைத் தடவினாள்.

“ஒன் விரலு மரத்துப் போச்சு, கனி. சக்கரை. போன தைப் பொங்கலுக்குக் கொதிக்கக் கொதிக்க டீ கிளாசைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, விரலெல்லாம் செவந்து போச்சு. நீ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்க. அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன். குச்சியெல்லாம் நான் தடவித் தடவி எடுத்துருவேன். நீ கலர் பாக்கதுல மும்முரமா இருப்ப. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல.”

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை சாப்பிடுகிறேன். விரல் கொஞ்சம் மந்தமாக இருப்பதும் தெரியும், வயசு என்று நினைத்திருந்தேன். இலைக்குள் கிடக்கிற மெல்லிய குச்சி கண்ணுக்குத் தெரியாது, இலை நிறத்திலேயே இருக்கும். விரலில் நெருடினால்தான் உண்டு. என் விரலில் ஒன்றும் நெருடவில்லை. சுளகில் குச்சியே இல்லை என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எனக்குப் பழக்கமான வெட்கம் இல்லை.

வாய் திறந்த நாள்

இரண்டாம் நாளும் அதே மாதிரி. ஒன்பதில் மஞ்சள், பதினாலில் குச்சி. மூன்றாம் நாள் காலையில் ரெஜினா தன் தலைத்துணி, தண்ணீர்க் கேன், உட்காருகிற சாக்குத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டே வேலை செய்தாள். சண்டை போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மேஸ்திரி அண்ணாச்சி காலத்தில் குடிதண்ணீர் சரியில்லை என்று முதலாளி காரை மறித்தவள் அவள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மகனுக்குப் போன் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வாரான். குடில் செட்டு நீ வச்சுக்கோ. அங்க பரண் கெடையாது,” என்றாள். கருவாட்டை எடுத்து என் சோற்றில் வைத்தாள். தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

மத்தியானம் மேடம் தட்டு வாங்க வந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன காரியம் என்று. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட நான் கண்டக்டரிடம் சொன்னதில்லை, அடுத்த ஆள் இறங்குகிற இடத்தில் இறங்கி நடந்து வருவேன். சம்பளத்தில் தப்பு இருந்தாலும் ரெஜினாதான் கேட்பாள், நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். அன்றைக்கு அவள் பின்னால் நிற்க முடியாது.

“மேடம்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதுதான் நாற்பது பொம்பிளையும் திரும்பினார்கள். ஏனோ கையைக் கட்டிக்கொண்டேன், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி.

“அவளுக்கு மஞ்ச இல தெரியாது மேடம். கண்ணுல புரை. மூணு வருசமா நாந்தான் பாத்துப் பொறுக்குதேன். எனக்குக் குச்சி தெரியாது. விரலு மரத்துப் போச்சு. அதை அவ எடுத்திருக்கா. எனக்கே முந்தாநாளுதான் தெரியும். எங்க ரெண்டு பேரையும் ஒரு சுளகுல ஒக்கார வச்சுப் பாருங்க. அதுல ஒரு குச்சியோ ஒரு மஞ்சளோ வந்துச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் போயிருதோம்.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். ரெஜினாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை.

மேடம் பேனாவை மூடி வைத்தார்கள். அப்புறம் பின்பக்க அறைக்குப் போய் எங்கள் பழைய சுளகைத் தேடி எடுத்து வந்து கீழே வைத்தார்கள். அவர்களே அதைத் தூக்கி வந்ததில் வெள்ளைக் கோட்டெல்லாம் தூசி.

ஒரு மணி நேரம் பொறுக்கினோம். ரெஜினா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் எங்கள் கைகளுக்கு வழி தெரியும். என் கை போன இடத்தில் அவள் கை வரவில்லை, அவள் கை இருந்த இடத்துக்கு என் கை போகவில்லை. மேடம் அதைத் தாளில் கொட்டி, குனிந்து, ஒரு சின்னக் கம்பியால் கிளறிக் கிளறிப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

ஒன்றும் இல்லை.

அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பாரத்தில் ஒரு நம்பருக்கு ஒரு பெயர் எழுதத்தான் இடம். மேல் அதிகாரியிடம் என்ன சொல்வது என்று ஒரு பெருமூச்சு விட்டார்கள். பிறகு, பதினாலாம் நம்பர் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் நெருக்கி இரண்டு பெயரையும் எழுதினார்கள். தப்பு வந்தால் இரண்டு பேரும்தான் பொறுப்பு என்றார்கள். சரி என்றேன். அன்றைக்கு என் வாயில் இருந்து வந்த கடைசி வார்த்தை அது.

அதற்கு அப்புறம் இன்னும் நாலைந்து செட்டுக்காரர்கள் சேர்ந்து உட்காரக் கேட்டார்கள். தனியாக உட்காருவதே நிம்மதி என்று சொன்னவர்களும் உண்டு. பத்து வருசம் ஒரே சுளகில் இருந்துவிட்டு, அப்பாடா என்று எழுந்து போன ஒருத்தியையும் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இல்லையே.

கட்டு அவிழ்த்த பிறகு

ரெஜினா எனக்கு நன்றி சொல்லுவாள் என்று நினைத்தீர்களா? பஸ்ஸில் என்னோடு உட்காரவில்லை. டிரைவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே சுளகில் உட்கார்ந்து, ஒரே இலையைப் பொறுக்கிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் கிட்டங்கியே காது கேட்காமல் போன மாதிரி இருக்கும்.

அவள் கோபம் நியாயம்தான். மூன்று வருசம் பொத்திப் பொத்தி வைத்ததை நாற்பது பேர் முன்னால் போட்டு உடைத்தது நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை சுளகைத் தட்டிக்கொண்டே, யாரிடமோ பேசுகிற மாதிரிச் சொன்னாள். “கண்ணாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுல போகணும்? தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே மறைக்கதுக்கு என்ன இருக்கு?”

நான்தான் கூடப் போனேன். மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தவன், அழைத்துப் போக வந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். உள்ளே கூட்டிப் போகும்போது அவள் ஜெபமாலையை என் கையில் திணித்தாள். எனக்கு மந்திரம் தெரியாது. மணியை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி விரலில் தெரியவில்லை, அதனால் பார்த்துப் பார்த்துத் தள்ளினேன். எத்தனை சுற்று என்று தெரியாது.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவள் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஏளா, நீ எப்பம் இப்பிடிக் கெழவியான?” என்றாள்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஒரு மாசம் ஓய்வு. அந்த ஒரு மாசமும் நான் வேலைக்குப் போகவில்லை, போய் என்ன செய்ய? திரும்பி வந்த அன்றைக்கு அவள் வாசலில் நின்றே எட்டாவது ஆள் தட்டில் ஒரு மஞ்சள் இலை கிடப்பதைச் சொல்லிவிட்டாள். அந்தப் பொம்பிளைக்குக் கோபம். மேடத்துக்கு ஆச்சரியம். சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு தட்டு இலையைத் தனியாக அவளிடம் கொடுத்தார்கள். அவள் பொறுக்கிக் கொடுத்ததைத் தாளில் கொட்டினார்கள். குச்சியும் இல்லை, மஞ்சளும் இல்லை. கிட்டங்கியிலேயே அவ்வளவு சுத்தமான தட்டு அன்றைக்கு வேறு கிடையாது.

நான் சுவர் ஓரத்தில் சுளகோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. அவளுக்கு இனி என் கண் தேவையில்லை.

மேடம் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். “ரெஜினா ஆச்சி, இனி உங்களுக்குத் தனி நம்பரே கொடுத்துரலாமே. தட்டும் சீக்கிரம் முடியும், உங்களுக்கு நல்லதுதானே?”

ரெஜினா நடந்து வந்து, என் எதிரே சாக்குத் துண்டை விரித்து உட்கார்ந்தாள். இரண்டு கை இலையை அள்ளிச் சுளகில் போட்டாள்.

“கொடுக்கலாம் மேடம்,” என்றாள். “முதல்ல இவ விரலு சரியாகட்டும். அப்புறம் கொடுங்க.”

சர்க்கரையில் மரத்துப் போன விரல் சரியாகாது. அது எனக்குத் தெரியும். ரெஜினாவுக்கும் தெரியும். மேடம் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? சரி என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைப் பார்க்கப் போனார்கள்.